லைட் பீரில் உண்மையில் எவ்வளவு கலோரி? பாட்டிலா, பெரிய கிளாஸா, எது கணக்கில் வரும்?

டாலஸ்_மாலை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். டாலஸ் பக்கம் இருக்கிறேன். ஃபுட்பால் சீசன் வந்தால் ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் நண்பர்களோடு ஸ்போர்ட்ஸ் பார் போவதும், மற்ற நாட்களில் வீட்டுப் பின்புறம் கிரில் போடும்போது பீர் எடுப்பதும் பழக்கமாகிவிட்டது. இப்போது எடுத்த பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, ஸ்கேனில் கல்லீரலில் கொஞ்சம் கொழுப்பு படிந்திருப்பதாகத் தெரிகிறது, எடையைக் குறையுங்கள், குடியையும் குறையுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குறைக்கப் போகிறேன், அதில் மாற்றமில்லை. ஆனால் குடிக்கிற ஒன்றிரண்டையாவது தெரிந்து குடிக்கலாமே என்றுதான் இங்கே கேட்கிறேன்.

லைட் பீர் என்றால் ஆல்கஹாலும் பாதிதான் என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். இன்னொருவர் லைட்டில் கார்ப் (மாவுச்சத்து, சர்க்கரை) இல்லவே இல்லை, எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்கிறார். கறுப்பு பீர் பக்கமே போகாதே, கின்னஸ் ஒன்று ஒரு சாப்பாட்டுக்குச் சமம் என்றும் சொல்கிறார்கள். பட் லைட், மில்லர் லைட், கூர்ஸ் லைட், மிக்கலோப் அல்ட்ரா, இந்த நான்கும்தான் நாங்கள் போகிற இடங்களில் எப்போதும் இருக்கும். இதில் எது தேவலை? பாரில் டாப்பிலிருந்து பிடித்துத் தருகிற கிளாஸும் பாட்டிலும் ஒரே கணக்கா? அப்புறம் எங்கள் பாரில் ஃப்ரீசரில் வைத்த கண்ணாடிக் குவளையில்தான் ஊற்றித் தருவார்கள். சிலர் அது நல்லது என்கிறார்கள், சிலர் அது சுவையைக் கொல்கிறது என்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

உங்கள் நண்பர்கள் சொன்ன மூன்றும் தவறு. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம், கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எண்கள். எல்லாமே 12 அவுன்ஸ், அதாவது 355 மில்லி கேன் அல்லது பாட்டிலுக்கு. பட் லைட் 110 கலோரி, கார்ப் 6.6 கிராம். கூர்ஸ் லைட் 102 கலோரி, கார்ப் 5 கிராம். மில்லர் லைட் 96 கலோரி, கார்ப் 3.2 கிராம். மிக்கலோப் அல்ட்ரா 95 கலோரி, கார்ப் 2.6 கிராம். நான்கிலும் ஆல்கஹால் 4.2 சதவீதம்தான். சாதாரண பட்வைசர் 145 கலோரி, கார்ப் 10.6 கிராம், ஆல்கஹால் 5 சதவீதம். கொழுப்பு எதிலும் கிடையாது, புரதம் ஒரு கிராமை ஒட்டி, அதைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம்.

ஆக ஆல்கஹால் பாதி இல்லை. ஐந்துக்கு 4.2. அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது இந்தக் கலோரி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள், இதுதான் முக்கியம். ஒரு கிராம் ஆல்கஹாலுக்கு 7 கலோரி, ஒரு கிராம் கார்புக்கு 4 கலோரி. 355 மில்லியில் 4.2 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 15 மில்லி ஆல்கஹால். ஆல்கஹால் தண்ணீரைவிட எடை குறைந்தது, மில்லிக்கு 0.789 கிராம், அதனால் எடையில் சுமார் 11.8 கிராம். ஏழால் பெருக்கினால் 82 கலோரி. மில்லர் லைட்டின் 3.2 கிராம் கார்பை நாலால் பெருக்கினால் 13 கலோரி. இரண்டையும் கூட்டினால் 95. கம்பெனி போட்டிருப்பது 96. வேறு எந்த பீருக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள், சில கலோரி முன்னே பின்னே வந்து நிற்கும்.

அதாவது லைட் பீரின் கலோரியில் ஏறக்குறைய முக்கால் பங்கோ அதற்கு மேலோ ஆல்கஹாலிலிருந்தே வருகிறது. மிக்கலோப் அல்ட்ராவில் அது இன்னும் அதிகம். கார்ப் குறைவு, கார்ப் குறைவு என்று விளம்பரத்தில் அடித்துக்கொள்கிறார்களே, அந்தக் கார்பைச் சுத்தமாகத் துடைத்துப் போட்டாலும் 4.2 சதவீத பீர் 82 கலோரிக்குக் கீழே இறங்காது, இறங்கவே முடியாது. கீழே இறங்க வேண்டுமென்றால் ஆல்கஹாலைக் குறைக்க வேண்டும். மில்லர் 64 என்று ஒன்று இருக்கிறது, அதில் ஆல்கஹால் 2.8 சதவீதம், அதனால்தான் 64 கலோரியில் நிற்கிறது.

கின்னஸ் விஷயமும் இதேதான். டிராஃப்ட் (டாப்பிலிருந்து பிடிக்கிற) கின்னஸில் ஆல்கஹால் 4.2 சதவீதம், 12 அவுன்ஸுக்கு 125 கலோரி. பட் லைட்டைவிட 15 கலோரிதான் கூடுதல், பட்வைசரைவிடக் குறைவு. நிறம் கருக வறுத்த பார்லியிலிருந்து வருகிறது, வாயில் கெட்டியாகத் தெரிவது அந்த நைட்ரஜன் நுரையால். கறுப்பாக இருந்தால் கனம் என்பது கண்ணை நம்பிச் சொல்வது.

நான்கில் எது தேவலை என்று கேட்டீர்கள். 95க்கும் 110க்கும் நடுவே இருப்பது 15 கலோரி. ஒரு பிஸ்கட்கூட இல்லை. உங்களுக்கு எது பிடிக்கிறதோ அதையே குடியுங்கள், எண்ணிக்கையில் கை வையுங்கள். ஆறு பட் லைட்டில் இருக்கிற ஆல்கஹால் ஐந்து பட்வைசரில் இருப்பதற்குச் சமம். கலோரி 660க்கு 725. லைட்தானே என்று ஒன்று கூட்டிக் குடிக்கிறவர் மிச்சம் பிடித்தது வெறும் 65 கலோரி, கல்லீரலுக்கு மிச்சம் எதுவுமே இல்லை.

மில்வாக்கி_வாசி எழுதியது:

கணக்குப்பிள்ளை சொன்னதில் ஒரு வார்த்தை மாற்ற வேண்டியதில்லை. நான் ரெஸ்டாரன்ட் பாரில் வேலை பார்ப்பவன், அதனால் கிளாஸ் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் ஆட்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

லேபிளில் இருக்கிற எண் 12 அவுன்ஸுக்கு. நீங்கள் பாரில் "ஒரு பட் லைட்" என்று டிராஃப்ட் கேட்டால் உங்கள் கைக்கு வருவது பெரும்பாலும் 16 அவுன்ஸ் கிளாஸ். இங்கே எல்லாப் பாரிலும் அடுக்கி வைத்திருக்கும் நேர்ச்சுவர் கிளாஸ், மேலே அகலம் கீழே ஒடுக்கம், ஷேக்கர் பைன்ட் என்போம். அது விளிம்பு வரை 16 அவுன்ஸ். முழுக்க நிரப்பினால் பட் லைட்டின் 110 கலோரி 147 ஆகிவிடும். அதாவது லைட் பீர் ஒரு பைன்ட், சாதாரண பட்வைசர் ஒரு பாட்டில், கலோரியில் இரண்டும் ஒன்று. ஆல்கஹாலில் அந்தப் பைன்ட்தான் அதிகம், கிட்டத்தட்ட 15.7 கிராம். பாட்டில் பட்வைசரில் 14 கிராம். லைட் குடிக்கிறோம் என்ற நினைப்பில் பாட்டில் குடிப்பவரைவிடக் கூடுதலாகக் குடித்துக்கொண்டிருப்பார் மனிதர்.

பெட்ரோல் பங்க் கடையில் விற்கிற 24 அவுன்ஸ் கேன் ஒன்று அல்ல, இரண்டு. கையில் ஒரே கேன்தான் இருக்கிறது என்பதால் மனசு ஒன்று என்றே எண்ணும். பிட்சர், அதாவது மேஜைக்குப் பொதுவான ஜாடி, வாங்கினால் இன்னும் மோசம், 60 அவுன்ஸ் பிட்சரில் ஐந்து பீர் இருக்கிறது, யார் எவ்வளவு குடித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது, கிளாஸ் பாதியானதும் பக்கத்தில் இருப்பவர் பாசத்தோடு நிரப்பிவிடுவார். நீங்கள் குறைக்க நினைக்கிறீர்கள் என்றால் முதலில் பிட்சரை விடுங்கள். பாட்டிலாகக் கேளுங்கள். காலி பாட்டில் மேஜையிலேயே இருக்கட்டும், எடுக்க வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், எண்ணிக்கை கண்முன்னால் நிற்கும்.

குளிர்ந்த குவளை பற்றி. அமெரிக்க லைட் லாகர் 38 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி, அதாவது 3 டிகிரி செல்சியஸ் பக்கம் ஊற்றுவதுதான் சரி. பெரும்பாலான பார்களில் கெக் (பீர் பீப்பாய்) அறையை அந்த அளவில்தான் வைத்திருப்போம். ஃப்ரீசர் குவளையில் உள்பக்கம் மெல்லிசாகப் பனி படிந்திருக்கும். பீர் அதில் பட்டவுடன் அந்தப் பனிப் பொடி ஒவ்வொன்றிலும் கேஸ் பிய்த்துக்கொண்டு வெளியே வரும், நுரை பொங்கி வழியும், பாதி நுரை பாதி பீர். அப்புறம் அந்தப் பனி உருகி பீரில் கலக்கிறது, ஃப்ரீசரில் இருந்த கோழியின் வாடையும் சேர்ந்து வரும். நாக்கு மரத்துப் போவதால் சுவையும் தெரியாது. வெயில் காலத்தில் கை நடுங்கக் குளிர வேண்டும் என்று சிலர் விரும்பிக் கேட்பார்கள், தருகிறோம். ஆனால் என்னைக் கேட்டால் சாதாரணக் கிளாஸைக் குளிர்ந்த தண்ணீரில் ஒரு அலசு அலசி அதில் பிடிப்பதுதான் முறை.

கிளாஸ் சுத்தமாக இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். பீர் ஊற்றிய பிறகு கிளாஸின் உள்சுவரில் குமிழ்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு நின்றால் அங்கே எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ இருக்கிறது. சுத்தமான கிளாஸில் குமிழ் எங்கும் ஒட்டாது, மேலே போய்க்கொண்டே இருக்கும். குடிக்கக் குடிக்க நுரை ஒவ்வொரு மிடறுக்கும் ஒரு வளையமாகச் சுவரில் தங்கும். லைட் பீரில் அந்த வளையம் லேசாகத்தான் இருக்கும், ஆனாலும் தெரியும். வீட்டில் சாம்பார் பாத்திரம் தேய்த்த அதே ஸ்பாஞ்சில் பீர் கிளாஸைத் தேய்க்காதீர்கள், நுரை நிற்கவே நிற்காது.

டாலஸ்_மாலை எழுதியது:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. பைன்ட் கணக்கை நான் யோசிக்கவே இல்லை. சரி, நுரை இல்லாமல் விளிம்பு வரை ஊற்றச் சொல்லிக் கேட்பது இங்கே நண்பர்கள் பழக்கம், காசுக்கு முழுசாக வர வேண்டும் என்று. அது சரியா? கேனிலிருந்தே குடிப்பதும் கிளாஸில் ஊற்றிக் குடிப்பதும் வயிற்றுக்கு ஏதாவது வித்தியாசமா? கேனிலிருந்து குடித்தால் எனக்கு வயிறு உப்பிக்கொள்கிறது.

மில்வாக்கி_வாசி எழுதியது:

வித்தியாசம் இருக்கிறது. பீரில் கரைந்திருக்கிற கேஸ் கிளாஸில் வெளியேறினால் நுரையாகும், வயிற்றில் வெளியேறினால் ஏப்பமும் உப்பசமும் ஆகும். எங்கே வெளியேற வேண்டும் என்பதை ஊற்றுகிற விதம்தான் முடிவு செய்கிறது. கிளாஸைச் சாய்த்துப் பிடித்து ஊற்ற ஆரம்பியுங்கள், பாதி வந்ததும் நிமிர்த்தி நடுவில் நேராக விழுகிற மாதிரி ஊற்றுங்கள், மேலே ஒரு விரல்கடை நுரை நிற்கட்டும். லைட் பீரில் கேஸ் ஏற்றம் தாராளமாகவே இருக்கும், அதனால் இதைச் செய்து பார்த்தால் உங்களுக்கே தெரியும். நுரையில் வாசனையும் வரும். நுரையே இல்லாமல் ஓரத்தில் ஒழுகவிட்டு ஊற்றினால் அத்தனை கேஸும் உள்ளே போகிறது.

கோதுமைமணி எழுதியது:

வீட்டில் பீர் வடிப்பவன் என்ற முறையில் லைட் பீர் எப்படி லைட் ஆகிறது என்று சொல்கிறேன், அப்போதுதான் மேலே சொன்ன எண்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்று புரியும்.

முளைவிட்ட பார்லியை வெந்நீரில் ஊறவைத்தால் அதிலிருக்கும் மாவு சர்க்கரையாக மாறும். அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக்கும். ஆனால் எல்லாவற்றையும் தின்னாது. நீளச் சங்கிலியான சில கார்ப்கள், டெக்ஸ்ட்ரின் என்பார்கள், ஈஸ்ட்டால் கடிக்க முடியாமல் அப்படியே பீரில் தங்கிவிடும். சாதாரண பீரில் இருக்கிற கார்ப் பெரும்பாலும் இதுதான், வாய்க்கு ஒரு கனத்தைக் கொடுப்பதும் இதுதான். லைட் பீரில் என்ன செய்கிறார்கள் என்றால், குளுக்கோஅமைலேஸ் என்கிற நொதியைச் சேர்த்து அந்தச் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டிக் குளுக்கோஸ் ஆக்கிவிடுகிறார்கள். ஈஸ்ட் அதையும் தின்றுவிடும். கார்ப் போய்விட்டது, ஆனால் அது காற்றில் போகவில்லை, ஆல்கஹாலாக மாறியிருக்கிறது. அதனால் ஆல்கஹால் ஏறிவிடும். பிறகு ஆக்சிஜன் நீக்கிய தண்ணீரைச் சேர்த்து 4.2க்குக் கொண்டுவருவார்கள். லைட் பீர் தண்ணியாக இருக்கிறது என்று சொல்வார்களே, காரணம் இந்த இரண்டும்தான், டெக்ஸ்ட்ரின் போனதும் தண்ணீர் சேர்ந்ததும்.

இந்த நொதி வழியைக் கண்டுபிடித்தவர் ஜோசப் ஒவேட்ஸ் என்கிற உயிர்வேதியியலாளர், நியூயார்க்கில் ரைன்கோல்ட் பீர் கம்பெனியில் இருந்தவர். 1967இல் கேப்ளிங்கர்ஸ் என்ற பெயரில் டயட் பீர் என்று சொல்லி விற்றார்கள், ஓடவில்லை. பீர் குடிக்க வருகிறவனிடம் டயட் என்று சொன்னால் யார் வாங்குவார்கள்? சிக்காகோவில் மைஸ்டர் பிராவ் என்ற கம்பெனி இதே மாதிரி ஒரு லைட் பீரைப் போட்டது. அந்தக் கம்பெனியின் பிராண்டுகளை மில்லர் 1972இல் வாங்கி, 1975இல் மில்லர் லைட்டை நாடு முழுக்க இறக்கியது. விளம்பரத்தில் டயட் என்ற பேச்சே இல்லை. ஓய்வுபெற்ற விளையாட்டு வீரர்களை வைத்து, சுவை பிரமாதம், வயிறு நிரம்பாது என்று சொல்ல வைத்தார்கள். பிய்த்துக்கொண்டு போனது. கூர்ஸ் லைட் 1978, பட் லைட் 1982, எல்லாம் அதன் பின்னால் வந்தவை.

எனக்கு அந்த "வயிறு நிரம்பாது" என்பதுதான் உறுத்துகிறது. வயிறு நிரம்பாததால் என்ன ஆகும்? இன்னொன்று குடிக்கலாம். விற்கிறவனுக்கு அதுதானே வேண்டும். கலோரி குறைந்த பொருள் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது, அதிகம் குடிக்கத் தோதான பொருள் என்றுதான் ஆரம்பத்திலிருந்தே விற்கப்பட்டது.

ஒஹாயோ_ராகி எழுதியது:

மில்லர் லைட்டில் கார்ன் சிரப் இருக்கிறது, சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பவர் அதைத் தொடக்கூடாது என்று கேள்விப்பட்டேனே? பட் லைட்டில் அரிசிதானாம், அது பரவாயில்லையாம்.

கோதுமைமணி எழுதியது:

அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே பட் லைட்டின் 2019 சூப்பர் பௌல் (அமெரிக்க ஃபுட்பால் இறுதிப்போட்டி) விளம்பரம்தான். மில்லர் லைட்டிலும் கூர்ஸ் லைட்டிலும் கார்ன் சிரப் சேர்க்கிறார்கள் என்று காட்டினார்கள். அந்த இரண்டையும் தயாரித்த மில்லர்கூர்ஸ் கம்பெனி கோர்ட்டுக்குப் போனது, 2020இல் அப்பீல் கோர்ட் பட் லைட் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கார்ன் சிரப் சேர்ப்பது உண்மை. ஆனால் அது ஈஸ்ட்டுக்குப் போடுகிற தீனி. புளிக்கும்போது ஈஸ்ட் அதைத் தின்று தீர்த்துவிடும். கூல்டிரிங்க்ஸில் இருக்கிற ஹை ஃப்ரக்டோஸ் சிரப் வேறு, இது வேறு. அரிசி போட்டாலும் கடைசியில் ஈஸ்ட் கைக்குப் போவது சர்க்கரைதான். முடிந்த பீரில் என்ன மிச்சம் என்றுதான் பார்க்க வேண்டும், அப்படிப் பார்த்தால் மில்லர் லைட்டில் 3.2 கிராம் கார்ப், பட் லைட்டில் 6.6. கார்ன் சிரப் போட்டதில்தான் குறைவு.

அப்புறம் லேபிள் பார்க்கிற பழக்கம் வையுங்கள். பிரெட்டுக்கும் பாலுக்கும் இருக்கிற மாதிரி சத்து அட்டவணை பீருக்குக் கட்டாயமில்லை, ஏனென்றால் பீரின் லேபிள் உணவுத் துறையின் கையில் இல்லை, நிதித் துறைக்குக் கீழே இருக்கிற மதுவரிப் பிரிவின் கையில் இருக்கிறது. ஆனால் லைட் என்றோ கார்ப் குறைவு என்றோ போட்டு விற்றால் கலோரி, கார்ப், புரதம், கொழுப்பு நான்கையும் லேபிளில் சொல்லியாக வேண்டும். லைட் பீர் கேனைச் சுற்றித் திருப்பிப் பாருங்கள், பொடி எழுத்தில் இருக்கும், 12 அவுன்ஸுக்கு என்று அளவோடு.

மருந்துச்சீட்டு எழுதியது:

டாலஸ் தம்பி, நான் மருந்தகத்தில் வேலை செய்பவள். கலோரி பேச்செல்லாம் சரி, சர்க்கரை பற்றி யாரும் இதைச் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன்.

லைட் பீரில் கார்ப் குறைவு, ஆகவே சர்க்கரை ஏறாது, ஆகவே பாதுகாப்பு என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். ஏறுவது ஒரு பிரச்சினை, இறங்குவது இன்னொரு பிரச்சினை. ராத்திரி நாம் சாப்பிடாமல் தூங்கும்போது ரத்தத்தில் சர்க்கரை குறையாமல் பார்த்துக்கொள்வது கல்லீரல், அது புதிதாகக் குளுக்கோஸ் செய்து விட்டுக்கொண்டே இருக்கும். ஆல்கஹால் உள்ளே வந்தால் கல்லீரல் அந்த வேலையைக் குறைத்துக்கொண்டு ஆல்கஹாலை வெளியேற்றுவதில் இறங்கிவிடும். இன்சுலின் போடுகிறவர்கள், கிளிமிபிரைட், கிளிபிசைட் மாதிரி சர்க்கரையை இறக்கும் மாத்திரை எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் குடித்தால் பல மணி நேரம் கழித்துக்கூடச் சர்க்கரை சரேலென்று இறங்கும். தடுமாற்றம், வியர்வை, உளறல், இதெல்லாம் பார்க்கிறவர்களுக்குப் போதை மாதிரியே தெரியும். தூங்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். ஆபத்து அங்கேதான். கார்ப் குறைந்த பீர் என்பது இவர்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு இல்லை.

நீங்கள் எல்லைக்கோட்டில்தான் இருக்கிறீர்கள், மருந்து ஒன்றும் சொல்லவில்லை. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரை ஆரம்பித்திருந்தால் டாக்டரிடம் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று உள்ளபடி சொல்லுங்கள். அளவுக்கு மீறிக் குடிக்கிறவர்களுக்கு அந்த மருந்தால் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறுகிற அபாயம் கூடும். அரிதுதான், ஆனால் வந்தால் கடுமையானது. மறுநாள் தலைவலிக்கு டைலனால் (பாராசிட்டமால்) போட்டுக்கொள்வதும் பழக்கமாக இருந்தால் கவனம், குடியும் அதுவும் ஒரே கல்லீரலைத்தான் சுமக்க வைக்கின்றன. வீட்டில் யூரிக் அமிலம், கால் பெருவிரல் வலி என்று யாருக்காவது இருந்தால் லைட் பீரும் பீர்தான், அதிலும் யூரிக் அமிலமாக மாறுகிற பியூரின் இருக்கிறது.

கொழுப்பு படிந்த கல்லீரலுக்கு லைட், சாதா என்ற பேதமெல்லாம் தெரியாது, ஆல்கஹால் கிராம்தான் தெரியும். அமெரிக்க அரசின் 2020-2025 உணவு வழிகாட்டி, குடிப்பதானால் ஆண்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம், பெண்களுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்றது. அதில் ஒன்று என்பது 14 கிராம் ஆல்கஹால். உங்கள் 12 அவுன்ஸ் லைட் பீரில் 12 கிராம் இருக்கிறது, மில்வாக்கி நண்பர் சொன்ன பைன்ட் அதைத் தாண்டிவிடுகிறது. 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்று சொன்னது. இதையெல்லாம் பயமுறுத்தச் சொல்லவில்லை. உங்கள் டாக்டர் குறை என்று சொன்னாரா, கொஞ்ச நாள் அறவே விடு என்று சொன்னாரா, அதைத் திரும்ப ஒருமுறை கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். விடச் சொன்னால் எந்த பிராண்ட் என்ற கேள்வியே இல்லை.

டாலஸ்_மாலை எழுதியது:

அக்கா, மருந்து எதுவும் இன்னும் ஆரம்பிக்கவில்லை. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது நீங்கள் சொன்ன மாதிரி நேராகக் கேட்டுவிடுகிறேன். அதுவரை ஆல்கஹால் இல்லாத பீர் எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். அதில் கார்ப் எப்படி?

கணக்குப்பிள்ளை எழுதியது:

எடுக்கலாம், ஆனால் லேபிளைப் படித்துவிட்டு எடுங்கள். ஹைனக்கன் 0.0 ஒரு 330 மில்லி பாட்டிலில் 69 கலோரி, கார்ப் 16 கிராம் பக்கம். ஈஸ்ட் தின்று தீர்க்காத சர்க்கரை அதில் இருக்கும், ஆல்கஹால் இல்லாததால் கலோரி குறைவு. கல்லீரலுக்கு நல்லது, ஆனால் மூன்று பாட்டில் குடித்தால் ஏறக்குறைய 48 கிராம் கார்ப் உள்ளே போகும், சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பவருக்கு அது சும்மா இல்லை. பிராண்டுக்கு பிராண்ட் நிறைய மாறும். ஒன்று குடித்துவிட்டு அடுத்தது சோடாவில் எலுமிச்சை பிழிந்து குடியுங்கள், கையில் கிளாஸ் இருக்கும், யாரும் ஏன் குடிக்கவில்லை என்று கேட்க மாட்டார்கள்.

இன்னொன்று, பார் மெனுவில் இருக்கிற கலோரி எண்ணைப் பாருங்கள். பெரிய செயின் ரெஸ்டாரன்ட்களில் போட்டிருப்பார்கள். சிக்கன் விங்ஸும் ராஞ்ச் டிப்பும் சேர்ந்து வருகிற எண்ணுக்குப் பக்கத்தில் மில்லர் லைட்டா பட் லைட்டா என்கிற 15 கலோரிச் சண்டை ஒன்றுமே இல்லை.

ஒஹாயோ_ராகி எழுதியது:

சோடா எலுமிச்சைக்கு நானும் கைதூக்குகிறேன். ஒரு சந்தேகம், டெக்சாஸ் வெயிலில் கேன் பெட்டியைக் காரேஜில் வைக்கலாமா? கொஞ்சமாகக் குடிக்க ஆரம்பித்தால் ஒரு பெட்டி ரொம்ப நாள் வருமே.

மில்வாக்கி_வாசி எழுதியது:

வேண்டாம். ஃப்ரிஜ்ஜில் ஒருமுறை வைத்து எடுத்துவிட்டு மறுபடி குளிர வைத்தால் கெட்டுவிடும் என்பது வெறும் பேச்சு, அதனால் ஒன்றும் ஆகாது. கெடுப்பது நீடித்த சூடு. காரேஜில் கோடை முழுக்கக் கிடந்தால் பீரில், நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை வரும், லைட் பீரில் அதை மறைக்க வேறு சுவையே இல்லாததால் முதலில் தெரிவது அதில்தான். வெளிச்சம் இன்னொரு எதிரி. பச்சை பாட்டிலும் நிறமில்லாத பாட்டிலும் வெயிலில் சற்று நேரம் இருந்தாலே ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசனையும் தருகிற பூ) கெட்டு ஒரு நாற்றம் கிளம்பும், கேனில் அந்தத் தொல்லை இல்லை. பன்னிரண்டு கேன் பெட்டியாக வாங்காமல் ஆறாக வாங்குங்கள், அடியில் அச்சடித்த தேதியைப் பாருங்கள், வீட்டுக்குள் அலமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள், குடிக்கப் போகிற அன்று ஒன்றை மட்டும் ஃப்ரிஜ்ஜுக்கு மாற்றுங்கள். அவசரமென்றால் ஃப்ரீசரில் போட்டு மறந்துவிடாதீர்கள், வெடித்துவிடும். ஒரு பாத்திரத்தில் ஐஸும் தண்ணீரும் சேர்த்து ஒரு கைப்பிடி உப்புப் போட்டு கேனை அதில் முக்கி வைத்தால் கால் மணி நேரத்தில் குடிக்கிற பதத்துக்கு வந்துவிடும்.